'ஸ்கின் கலர்' கிரேயான்: யாரோட தோல் அது?

1/ கொல்லிமலையில ஓ.பி. பார்த்துட்டு இருந்தேன். காய்ச்சலோட வந்த குட்டிப் பொண்ணு, சீட்டு பின்னாடி தன்னையே வரைஞ்சிருந்தா. முகம் முழுக்க வெளிர் ரோஸ். "ஏன் பாப்பா இந்தக் கலர்?" "இதான் டாக்டர் ஸ்கின் கலர்." அவ கை நல்ல மாநிறம்.

2/ கிரேயான் செய்றது சிம்பிள். பெட்ரோலியத்துல கிடைக்கிற பாரஃபின் மெழுகை உருக்கி, நிறமி கலந்து, அச்சுல ஊத்தி ஆற வைப்பாங்க. 1903-ல அமெரிக்காவோட பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனி 'கிரயோலா'ன்னு வித்தாங்க. 8 கலர், 5 சென்ட்.

3/ பின்னால வந்த பெட்டிகள்ல ஒரு வெளிர் நிறத்துக்குப் பேரு 'ஃப்ளெஷ்', அதாவது சதை. வெள்ளைக்காரங்க சதை மட்டும்தான் கணக்கு! 1962-ல அதை 'பீச்'னு மாத்தினாங்க.

4/ 'இந்தியன் ரெட்' இன்னொரு கதை. அது இந்தியாவோட தொடர்புடைய செந்நிற இரும்பு ஆக்சைடு நிறமியோட பேரு. ஆனா பிள்ளைங்க அதை அமெரிக்கப் பூர்வகுடிகளோட தோல் நிறம்னு நினைக்கிறாங்கன்னு ஆசிரியர்கள் சொல்ல, 1999-ல 'செஸ்ட்நட்' ஆச்சு. 2020-ல தோல் நிறங்களுக்குன்னே 24 கிரேயான் வந்தாச்சு.

5/ அங்க 1962-லயே போன பேரு, இங்க நம்ம வாயில இன்னும் இருக்கு. தோல் நிறம் மெலனின் குடுக்குறது, கலர் பெட்டி குடுக்குறது இல்ல. பாப்பாவை கிரேயானைக் கை மேல வச்சுப் பாக்கச் சொன்னேன். யோசிச்சுட்டு பிரவுன் எடுத்தா. உங்க வீட்லயும் ஒருதடவை வச்சுப் பாக்கச் சொல்லுங்க.