மோட்டார் சைக்கிள் நெடும்பயண உடை

மோட்டார் சைக்கிளில் நாள் முழுக்கப் பயணம் செய்பவரைக் குளிர், மழை, காற்று ஆகியவற்றிலிருந்தும், விழும்போது நேரும் சிராய்ப்பு, மோதல் ஆகியவற்றிலிருந்தும் காக்கும் மேலுடையே நெடும்பயண உடை. ஜாக்கெட், பேண்ட் என இரண்டாகவும் தைக்கிறார்கள். கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே உடையாகவும் தைக்கிறார்கள். பந்தயத் தோலுடையின் கவலையெல்லாம் அதிவேகச் சறுக்கல்தான். நெடும்பயண உடையோ, 5 டிகிரிக் குளிரில் கிளம்பி, மதியம் மழையில் நனைந்து, மாலை வெயிலில் முடியும் நாளையும் சேர்த்துச் சமாளித்தாக வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே எவ்வளவு பஞ்சு இருக்கிறது என்றுதான் அமுக்கிப் பார்க்கிறார்கள். கதகதப்பு அங்கே தொடங்குவதில்லை. வெளித்துணி எவ்வளவு நீரைக் குடிக்கிறது, நீர் புகாத சவ்வு அந்தத் துணியோடு ஒட்டியிருக்கிறதா அல்லது தள்ளி உள்ளே தொங்குகிறதா என்பவைதான் மழையில் ஓட்டுபவர் நடுங்குவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்கின்றன.

குளிர் வரும் வழிகள்

முதல் வழி காற்று. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, 10 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று படும் முகம் சுமார் 4 டிகிரியை உணரும். 5 டிகிரியில் அது உறைநிலைக்குக் கீழே 3 டிகிரி. 0 டிகிரியில் கீழே 10 டிகிரிக்கும் மேல். இந்தக் கணக்கு திறந்த தோலுக்கு மட்டுமே. காற்று புகாத துணிக்குள் இருக்கும் உடலுக்கு இது பொருந்தாது என்பதிலேயே நெடும்பயண உடையின் முதல் வேலை அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போதே சுமார் 12 டிகிரி இறங்கிவிடுகிறது. சுமார் 2,050 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியிலிருந்து லே நோக்கிச் செல்பவர் 5,328 மீட்டர் உயர டாக்லாங் கணவாயைக் கடக்கிறார். உயர வேறுபாடு மட்டுமே 21 டிகிரி. கோடையிலும் அங்கே பனித்தூவலும் ஆலங்கட்டியும் உண்டு.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கிறார். மலையேறுபவரின் உடல் பல நூறு வாட் வெப்பத்தை உண்டாக்கும். உட்கார்ந்திருக்கும் உடல் தருவது ஏறத்தாழ 100 வாட், ஓட்டும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மலையேற்றக் கடையில் வாங்கிய நல்ல ஜாக்கெட்டும் வண்டியில் ஏமாற்றுவதற்கு இது முக்கியக் காரணம்.

நான்காவது நீர். எல்லாவற்றிலும் கொடியது இதுதான். நீர் காற்றைப்போல் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதைவிட மோசமானது ஆவியாதல்: ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. நனைந்த ஜாக்கெட்டிலிருந்து மணிக்கு வெறும் 100 கிராம் நீர் காற்றில் போனாலும், அது இடைவிடாமல் 67 வாட்டை உறிஞ்சுவதற்குச் சமம். ஓடும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தரும் என்றாலும், உடல் உண்டாக்குவதே 100 வாட்தான் என்னும்போது இந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். உள்ளே சட்டை காய்ந்திருந்தும் பல் கிடுகிடுப்பது இதனால்தான்.

குளிர்ந்த விரல்கள் பிரேக், கிளட்ச் பிடிகளைச் சரியாக உணராது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் தீர்மானிக்கும் திறனே மந்தமாகும். அந்த மந்தத்தை உரியவர் அறிவதும் கடினம். ஆகவே கதகதப்பைச் சொகுசாகக் கருதக் கூடாது. ஹெல்மெட்டைப் போலவே அதுவும் பாதுகாப்பு.

மெழுகுப் பருத்தியிலிருந்து சவ்வு வரை

பிரிட்டனின் மழைதான் இவ்வுடையின் முதல் ஆசிரியர். சவுத் ஷீல்ட்ஸ் துறைமுக ஊரில் 1894இல் தொடங்கிய பார்பர் நிறுவனம், மெழுகேற்றிய பருத்தியில் மோட்டார் சைக்கிள் உடையை 1936இல் கொண்டுவந்தது. சர்வதேச ஆறு நாள் சோதனைப் போட்டிக்காக உருவானதால் அதற்கு ‘இன்டர்நேஷனல்’ என்று பெயர். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரின் லாங்டன் பகுதியில் 1924இல் பிறந்த பெல்ஸ்டாஃப் 1948இல் ‘டிரையல்மாஸ்டர்’ ஜாக்கெட்டைத் தந்தது. 1964இல் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபர்ட்டில் நடந்த ஆறு நாள் போட்டியில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் அமெரிக்க அணியில் பார்பர் உடையோடு ஓட்டினார். மெழுகுத் துணி காற்றையும் தூறலையும் நன்றாகத் தடுத்தது. ஆனால் வியர்வையை வெளியே விடாது. தொட்ட இடமெல்லாம் பிசுக்காகும். நீண்ட மழையில் தையல்கள் வழியாக ஒழுகும்.

திருப்பம் ஆய்வகத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் பாப் கோர் 1969இல் சூடாக்கிய பி.டி.எஃப்.ஈ. தண்டுகளை நீட்ட முயன்றுகொண்டிருந்தார். டெஃப்லானாக நாம் அறிந்த அதே பொருள்தான். மெல்ல இழுத்தபோதெல்லாம் முறிந்த தண்டு, வெடுக்கென்று இழுத்தபோது முறியாமல் பல மடங்கு நீண்டது. அப்படி நீண்ட பொருளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருந்தன: நீர்த்துளி நுழைய முடியாது, நீராவி வெளியேறலாம். 1976இல் அது கோர்-டெக்ஸ் துணியாக விற்பனைக்கு வந்தது.

அதை மோட்டார் சைக்கிளுக்கு முழுமையாகக் கொண்டுவந்தவர் மினசோட்டா மாநிலம் டுலூத் நகரின் ஆண்டி கோல்ட்ஃபைன். 1983இல் அவருடைய ஏரோஸ்டிச் நிறுவனம் ‘ரோட்கிராஃப்டர்’ என்ற ஒரே துண்டு உடையை அறிமுகப்படுத்தியது. கார்டுரா நைலானில் கோர்-டெக்ஸ் சவ்வு ஒட்டிய துணி, தோள், முழங்கை, முழங்கால்களில் காப்புப் பட்டைகள், கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீளும் ஜிப். அலுவலக உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கிளம்பி, போன இடத்தில் கழற்றி வைத்துவிடலாம். தோலே பாதுகாப்பு என்று நம்பிய காலத்தில் துணியுடையை மதிக்க வைத்த படைப்பு அது. பின்னர் பின்லாந்தின் ருக்கா, அமெரிக்காவின் கிளிம் ஆகியவை இதே பாதையை வெகுதூரம் கொண்டு சென்றன.

சவ்வு எங்கே இருக்கிறது

இன்று சந்தையில் உள்ளவற்றை விலை, பிராண்ட் என்று பிரிப்பதைவிட, நீர் புகாத சவ்வு இருக்கும் இடத்தை வைத்துப் பிரிப்பதே பயன் தரும்.

லேமினேட் வகையில் சவ்வு வெளித்துணியின் பின்புறமே ஒட்டப்பட்டிருக்கும். துணி குடிக்கும் நீர் மிகக் குறைவு. நின்று உதறினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். இரவில் எளிதில் காயும். காற்றோட்ட ஜிப்பைத் திறந்தால் காற்று நேராக உடலை வந்தடையும். விலை அதிகம், துணி விறைப்பு.

டிராப் லைனர் வகையில் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே சவ்வு தனிப் பையாகத் தொங்கும். தைப்பது எளிது, விலை குறைவு, கடையில் அணிந்து பார்க்கும்போது மென்மையாகவும் இருக்கும். மழையில்தான் அதன் குறை வெளிப்படும். சவ்வு உடலைக் காக்கும். அதற்கு வெளியே உள்ள துணி, பாக்கெட், காப்புப் பட்டை எல்லாம் நீரில் ஊறும். உடை கனத்துப்போய், மேலே சொன்ன ஆவியாதல் கணக்கு தொடங்கிவிடும். மறுநாள் காலை அந்த ஈர உடைக்குள் மீண்டும் கையை நுழைக்க வேண்டும். காற்றோட்ட ஜிப்புகளும் சவ்வின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடுவதால் வெயிலில் பெரிதாக உதவுவதில்லை.

மூன்றாவது, கழற்றி மாட்டும் மழை லைனர். இந்தியாவில் விற்கும் ரைடிங் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இவ்வகை. வெப்ப நாட்டுக்கு இந்த ஏற்பாடு நியாயமானது. ஆனால் லைனர் ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டுவதா, மேலே அணிவதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். உள்ளே மாட்டுவது டிராப் லைனரின் எல்லாக் குறைகளையும் கொண்டது. போதாக்குறைக்கு மழை தொடங்கும் முன்பே சாலையோரம் நின்று ஜாக்கெட்டைக் கழற்றியாக வேண்டும். மேலே அணிவது வெளித்துணியையும் காய வைத்திருக்கும்.

இந்தக் காரணத்தால், கையில் உள்ள பணம் லேமினேட்டுக்குப் போதாதபோது, டிராப் லைனர் உடையைவிடச் சாதாரண ரைடிங் ஜாக்கெட்டும் அதன்மேல் அணியத் தளர்வான, நல்ல மழைக்கோட்டும் பேண்ட்டும் மேலான தேர்வு. மழைக்கோட்டில் வியர்வை தங்கும். ஆனாலும் ஊறிய துணியைவிட அது கதகதப்பானது.

எந்தச் சவ்வும் அற்புதம் செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே ஈரப்பதம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும்போதுதான் ஆவி வெளியேறும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரையின் புழுக்கத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் இல்லை. அங்கே விலையுயர்ந்த சவ்வும் மழைக்கோட்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஒழுகும் இடங்கள்

மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சுமார் 47 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குத்தான் சமம். துணிகள் 10,000 மில்லிமீட்டர் தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் கவலையே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஈர சீட்டின்மேல் உடல் எடை அமுக்கும் இடத்தில் அழுத்தம் ஆயிரம் மில்லிமீட்டரையும் தாண்டும். டேங்கிலிருந்து வழியும் நீர் தொடையிடுக்கில் குளமாகத் தேங்கும். ஒழுகல் முதலில் அங்கேதான் தெரியும். அவ்விடத்தில் தையல்கள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. உள்ளே ஒவ்வொரு தையலின்மீதும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தவை கழுத்தும் மணிக்கட்டும். கழுத்துக்கு இழுத்துவிடும் துணிக்குழாய் ஒன்று போதும். கையைப் பொறுத்தவரை, கைப்பிடி தாழ்ந்த வண்டியில் கையுறையின் விளிம்பு சட்டைக்கைக்குள் போக வேண்டும். இல்லையென்றால் கை வழியே வழியும் நீர் உறைக்குள் இறங்கும். முன்பக்க ஜிப்புக்குப் பின்னால் இரட்டை மடிப்பு இல்லாத ஜாக்கெட்டை வாங்காமல் விடுவதே நல்லது.

உள்ளடுக்குகள்

உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துக்கொண்டு குளிர்விக்கும். அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது மெல்லிய பஞ்சு ஜாக்கெட். பறவை இறகு நிரப்பியது எடையில் குறைவு, கதகதப்பில் சிறந்தது, நனைந்தால் படுத்துவிடும். உடையோடு வரும் தெர்மல் லைனரைவிட, தங்குமிடத்தில் தனியாகவும் அணியக்கூடிய நடு ஜாக்கெட் கூடுதல் பயன் தரும். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றே கதகதப்பு என்பதால், இறுக்கமாகத் திணித்த ஐந்தாவது அடுக்கு குளிரைக் கூட்டவே செய்யும்.

கடும் குளிரில் துணி மட்டும் போதாது. ஜெர்மனியில் 1956இல் தொடங்கிய எலிஃபாண்டன்ட்ரெஃபன் குளிர்காலச் சந்திப்பு இப்போது பவேரியக் காட்டுப் பகுதியில் பனிக்கு நடுவே நடக்கிறது. அத்தகைய பயணங்களுக்கு 12 வோல்ட் மின்சூடேற்றிய உள்ஜாக்கெட் பெரும் துணை. 90 வாட் ஜாக்கெட் 7.5 ஆம்பியர் இழுக்கும். சிறிய வண்டியின் மின்னாக்கி அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். சூடு கசிந்து போகாதபடி அதன்மேல் காற்று புகாத உடை வேண்டும்.

மோதல் காப்பு

ஐரோப்பாவில் 2020இல் வெளியான இ.என். 17092 தரம் உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என வகுக்கிறது. சுழலும் துணித்துண்டைக் கான்கிரீட்டின்மேல் இறக்கிச் சோதிப்பார்கள். அதிக ஆபத்துள்ள தோள், முழங்கால் பகுதிகளுக்கு முறையே சுமார் 120, 70, 45 கி.மீ. வேகம். நெடும்பயணத்துக்கு ஏஏ நல்ல அளவுகோல். காப்புப் பட்டைகளுக்கு இ.என். 1621: மூட்டுகளில் முதல் நிலை சராசரியாக 35 கிலோநியூட்டன் வரை விசையைக் கடத்தலாம், இரண்டாம் நிலை 20 மட்டுமே. ஜாக்கெட்டின் முதுகுப்புறப் பாக்கெட்டில் பல நிறுவனங்கள் வெறும் ஸ்பாஞ்சை வைத்து விற்கின்றன. அதை எடுத்துவிட்டு உண்மையான முதுகுக் காப்பை வைக்க வேண்டும்.

அளவும் பராமரிப்பும்

அணிந்து பார்க்கும்போது நிற்கக் கூடாது. உள்ளடுக்குகளோடு வண்டியில் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் சட்டைக்கை மேலேறுகிறதா, முழங்கால் பட்டை நகர்கிறதா, இடுப்பில் முதுகு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஜாக்கெட்டையும் பேண்ட்டையும் இணைக்கும் ஜிப் முழுச் சுற்றுக்கும் இருந்தால் சறுக்கலில் ஜாக்கெட் மேலேறாது, காற்றும் புகாது.

புதிய உடையில் நீர் முத்துமுத்தாக உருள்வதற்குக் காரணம் வெளித்துணியின் நீர்விலக்கிப் பூச்சு. அழுக்கு சேர்ந்தால் அது வேலை செய்யாது. லேமினேட் துணியும் ஈரத்தைப் பிடித்து, சவ்வின் வெளிப்புறத்தை நீர்ப்படலத்தால் மூடும். காப்புப் பட்டைகளை எடுத்துவிட்டு, மென்மையாக்கித் திரவம் சேர்க்காமல் கழுவி, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தினால் பூச்சு மீண்டும் உயிர்பெறும். பெறாவிட்டால் தெளிக்கும் பூச்சு கிடைக்கிறது. ஏரோஸ்டிச் தான் தைத்த பழைய உடைகளைத் திரும்பப் பெற்று ஜிப் மாற்றி, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தருகிறது. பழைய உடையை வாங்குபவர் உட்புறத்தைப் புரட்டி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: உரிந்த தையல் நாடாவைச் சரிசெய்யலாம், செதிலாக உதிரும் சவ்வைச் சரிசெய்ய வழியில்லை.