உலையும் இழையும்: ஜப்பானியக் கோல்ஃப் மட்டைகளின் வரலாறு

தேர்ந்த ஆட்டக்காரர்கள் தேடி வாங்கும் ஜப்பானியக் கோல்ஃப் மட்டைக்குப் பூர்வீகம் இரண்டு. பந்தை அடிக்கும் இரும்புத் தலை, உலைக்களம் வைத்துப் பிழைத்த ஊர்களில் பிறந்தது. அந்தத் தலையைத் தாங்கும் ஷாஃப்ட் என்னும் தண்டு, துணிக்கு நூல் செய்துவந்த செயற்கை இழை ஆலைகளின் வழியாக வந்தது. முதலாவது 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கியது, இரண்டாவது 1970களில். இன்று ஒரு புதிய ஜப்பானிய மட்டையை இன்னொன்றோடு ஒப்பிடுபவர், தெரிந்தோ தெரியாமலோ இந்த இரண்டு தொழில்களையும்தான் எடைபோடுகிறார்.

கோல்ஃப் ஜப்பானுக்குள் நுழைந்தது கோபே துறைமுகம் வழியாக. அங்கே வணிகம் செய்த ஆர்தர் ஹெஸ்கெத் குரூம் என்ற ஆங்கிலேயர், நகருக்குப் பின்னால் எழும் ரொக்கோ மலை மீது 1901இல் நான்கு குழிகள் கொண்ட சிறு மைதானம் அமைத்தார். 1903இல் அது கோபே கோல்ஃப் கிளப் ஆனது. ஆடியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். மட்டைகளும் கப்பலில்தான் வந்தன. ஜப்பானியர்கள் தங்களுக்கென்று டோக்கியோ கோல்ஃப் கிளப்பை கொமசாவாவில் திறந்தது 1914இல். அதற்குப் பின்னும் நெடுங்காலம் நல்ல மட்டை என்றால் பிரிட்டனிலிருந்து வந்தது என்றே பொருள்.

உள்ளூர்த் தயாரிப்பு ஹியோகோ மாகாணத்தில் முளைத்ததற்கு இடம் ஒரு முக்கியக் காரணம். கோபேயின் செல்வந்தர்களும் கொல்லர்களும் ஒரே மாகாணத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். சார்லஸ் ஹியூ அலிசன் வடிவமைத்து 1932இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற ஹிரோனோ மைதானம், மிகி நகரின் எல்லைக்குள் இருக்கிறது. அந்த மிகியோ, தச்சர்களின் உளி, இழைப்புளி, ரம்பத்துக்கு ஜப்பான் முழுவதும் பேர்போன ஊர். 1930ஐ ஒட்டி இந்த வட்டாரத்தில்தான் ஜப்பானின் முதல் இரும்புத் தலைகள் அடிக்கப்பட்டன. தொழில் வேர்விட்டது ஹிமெஜிக்கு வடக்கே உள்ள இச்சிகாவா என்ற சிற்றூரில். அயர்ன் எனப்படும் இரும்புத் தலை மட்டைகளின் உள்நாட்டுப் பிறப்பிடம் என்று அந்த ஊர் தன்னை இன்றும் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. 1906இல் ஒசாகாவில் தொடங்கிய மிசுனோ நிறுவனம் 1933இல் தன் முதல் கோல்ஃப் மட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விளம்பரங்கள் இந்த மரபை சாமுராய் வாளோடு இணைத்துப் பேசுவது வழக்கம். வாள் கொல்லர்களின் கைத்திறன் இந்த வட்டாரத்தின் உலைக்களங்களில் தங்கியிருந்தது என்பதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் உலோகத்தைப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர். வாளுக்குக் கரிமம் மிகுந்த எஃகு வேண்டும். அதை மடித்து மடித்து அடித்து, விளிம்பைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள். கோல்ஃப் தலைக்கு எடுக்கும் எஃகில் கரிமம் நூற்றுக்கு 0.20 அல்லது 0.25 பங்குதான். எஸ்20சி, எஸ்25சி என்ற தரக்குறிகள் அதையே சொல்கின்றன. இந்த மெல்லிரும்பு கூர்முனை தாங்காது. வளைத்தால் வளையும், உடையாது. ஆட்டக்காரரின் உயரத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் ஏற்பத் தலையின் கோணத்தை ஓரிரு பாகை திருத்திக்கொள்ள முடிவது அதனால்தான். இச்சிகாவாவின் பெருமைக்கு வாளின் துணை தேவையில்லை. தச்சுக் கருவி செய்த கைகளின் அளவுத் துல்லியமே அதற்குப் போதுமான விளக்கம்.

இரண்டாம் உலகப் போர் இந்த இளந்தொழிலை முடக்கியது. மைதானங்கள் பல விளைநிலங்களாயின. மிசுனோ கிளைடர் விமானங்கள் செய்தது. மீட்சியின் ஆண்டு 1957. டோக்கியோவுக்கு அருகே கசுமிகசெகி மைதானத்தில் நடந்த கனடா கோப்பைப் போட்டியில் நகாமுரா தோராகிச்சி, ஓனோ கோயிச்சி என்ற இருவர் சாம் ஸ்னீட் இருந்த அமெரிக்க அணியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வென்றார்கள். அதுவரை கோல்ஃப் பக்கமே திரும்பாத அலுவலக ஊழியர்கள் பயிற்சிக் கூடங்களில் வரிசை கட்டினார்கள். மட்டைக்கான தேவை பெருகியது. இச்சிகாவாவில் அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், முலாம் பூசுபவர் ஒருவர் என்று வேலை பட்டறை பட்டறையாகப் பிரிந்தது. பெரிய பிராண்டுகளின் பெயர் பொறித்த தலைகள் பலவும் இந்தப் பெயரில்லாப் பட்டறைகளில் உருவானவையே. கியோயெய் போன்ற உலைகள் பிறருக்கு அடித்துக் கொடுத்தே வளர்ந்தன. இந்தச் சூழலிலிருந்து வெளிவந்து, தன் பெயரையே மட்டையில் பொறித்து உலகறியச் செய்தவர் மியூரா கட்சுஹிரோ. அவர் நிறுவனம் 1977இல் தொடங்கியது.

தலை உருவாகும் விதத்தைத் தெரிந்துகொண்டால், விலை வேறுபாட்டின் பெரும்பகுதி புரிந்துவிடும். உருளைக் கம்பியைத் துண்டாக்கிப் பழுக்கக் காய்ச்சி, அச்சுகளுக்கு இடையே வைத்துக் கனத்த சுத்தியலால் அடிக்கிறார்கள். முதல் அடியில் முரட்டு உருவம் வரும். அடுத்தடுத்த அடிகளில் வடிவம் நெருங்கும். ஓரத்தில் பிதுங்கிய இரும்பை வெட்டி எடுப்பார்கள். சாதாரணத் தயாரிப்பு இங்கேயே நின்று, மீதியைச் சாணையிடம் விட்டுவிடுகிறது. நல்ல பட்டறையோ இன்னும் ஒருமுறை, இரண்டுமுறை துல்லிய அச்சில் அடித்து, இறுதி வடிவத்துக்கு மிக அருகே கொண்டுவருகிறது. சாணையில் தேய்க்க வேண்டியது குறையக் குறைய, ஒரு தலைக்கும் அடுத்ததற்கும் எடை வேறுபாடு குறைகிறது. மிசுனோவுக்காக 1968 முதல் ஹிரோஷிமாவின் சூவோ நிறுவனம் செய்துவரும் ஃபோர்ஜிங் என்னும் அடித்து வடிக்கும் முறையில், கழுத்திலிருந்து முகம்வரை இரும்பின் இழையோட்டம் அறுபடாமல் செல்லும்படி ஒரே கம்பியை வளைத்து அடிக்கிறார்கள். மியூராவில் வழி வேறு: தலையைத் தனியே அடித்து, கழுத்துக் குழலைச் சுழற்றி உராய்வுச் சூட்டில் ஒட்டவைக்கிறார்கள். எல்லாத் தலைகளிலும் கழுத்து ஒரே நீளமும் எடையும் கொண்டிருக்க அது உதவுகிறது. இரண்டு முறைகளும் தேடுவது ஒன்றையே: ஆறாம் எண் மட்டையும் ஏழாம் எண் மட்டையும் கையில் ஒரேபோலக் கனக்க வேண்டும்.

வடக்கே நீகாட்டா மாகாணத்தின் சுபாமேக்கு வேறொரு வரலாறு. ஷினானோ ஆற்று வெள்ளத்தால் விளைச்சல் பொய்த்த உழவர்கள், எடோ காலத்தில் துணைத்தொழிலாக ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு அந்த ஊர் மேற்கத்தியக் கரண்டி, முள்கரண்டிக்கு மாறியது. இரும்பை அடித்து மெருகேற்றுவதே அங்கே வாழ்க்கை. எண்டோ நிறுவனம் அந்த மண்ணிலிருந்து எழுந்து, பல நாட்டுப் பிராண்டுகளுக்குத் தலை அடித்துக் கொடுத்தது. எபோன் என்ற பெயரில் சொந்த மட்டையும் வெளியிடுகிறது.

ஜப்பானிய இரும்புத் தலைகளின் புகழை உலகுக்கு எடுத்துச் சென்றவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்கள். நிக் ஃபால்டோ மிசுனோ மட்டைகளோடு ஆடினார். டைகர் வுட்ஸ் 1997இல் தன் முதல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது பையில் இருந்தவையும் மிசுனோ அயர்ன்களே. நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை வேறு பாதையில் சென்றது. யாமாகாட்டா மாகாணத்தின் சகாதாவில் ஹொன்மா நிறுவனம் பெர்சிமன் மரத்தைச் செதுக்கி, பெரும்பணக்காரர்களின் அடையாளமாக மாறிய மட்டைகளைச் செய்தது. 1990இல் மிசுனோ டைட்டானியத் தலை கொண்ட டிரைவரை வெளியிட்டதும் மரத்தின் காலம் முடிவை நெருங்கியது.

தண்டின் கதை ஒசாகாவின் அரசுத் தொழில் ஆய்வு நிறுவனத்தில் தொடங்குகிறது. அங்கே 1959இல் ஷிண்டோ அக்கியோ என்ற ஆய்வாளர், கம்பளிக்கு மாற்றாக ஆடைகளில் பயன்பட்ட அக்ரிலிக் இழையை முறையாகச் சுட்டு, வலிமையான கார்பன் இழையாக மாற்ற முடியும் என்று கண்டார். டோயோ ரேயான் என்று பிறந்த டோரே நிறுவனம் 1971இல் அதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. பொருள் கைக்கு வந்துவிட்டது. அதை வாங்க ஆளில்லை. விமான நிறுவனங்கள் புதிய பொருளை ஏற்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. வழி திறந்தது விளையாட்டு. அமெரிக்காவில் அப்போதே கார்பன் தண்டு உருவாகியிருந்தது. 1972இல் ஜப்பானில் நடந்த தைஹெய்யோ கிளப் மாஸ்டர்ஸ் போட்டியில் கே புரூவர் என்ற அமெரிக்க வீரர் கருப்பு நிறக் கார்பன் தண்டோடு ஆடி வென்றார். அடுத்த ஆண்டுகளில் தூண்டில்கோலும் கோல்ஃப் தண்டும் டோரேயின் இழைக்கு முதல் பெருஞ்சந்தையாயின. விமானத்தின் உடலைத் தாங்கும் பொருள் பிழைத்து வளர மீன்பிடிப்பவரும் கோல்ஃப் ஆடுபவரும் கைகொடுத்தார்கள் என்பது இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி.

தொடக்ககாலக் கார்பன் தண்டுகளை வல்லுநர்கள் நம்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அவை இலேசாக இருந்தாலும் அடிக்கும் நொடியில் முறுக்கிக்கொண்டன. பந்து திசை மாறியது. குறை தண்டின் அமைப்பிலேயே இருந்தது. பிசின் ஏற்றிய இழைத் தாளை வடிவத்துக்கு வெட்டி, கூம்பான எஃகுக் கம்பி மீது அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே நாடாவை இறுக்கி, உலையில் வேகவைத்து, கம்பியை உருவிவிட்டால் தண்டு கிடைக்கும். நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தாங்கும். முறுக்கைத் தாங்க, சாய்வாக இரு திசையிலும் ஓடும் இழைகள் வேண்டும். எந்த அடுக்கை எங்கே, எந்தக் கோணத்தில், எவ்வளவு விறைப்பான இழையில் சுற்றுவது என்பதே தண்டு செய்பவரின் கலை. ஃபுஜிகுரா நிறுவனத்தின் ஸ்பீடர் தண்டு, மூன்று திசைகளில் நெய்த துணியைப் பயன்படுத்தி முறுக்கை அடக்கியது. 1989இல் சைத்தாமா மாகாணத்தின் சிச்சிபுவில் தொடங்கிய கிராஃபைட் டிசைன், டூர் ஏடி வரிசையால் போட்டி வீரர்களைக் கவர்ந்தது. இழையையே சொந்தமாகச் செய்த மிட்சுபிஷி ரேயான் வெளியிட்ட டயமானாவில் வெள்ளை, நீலம், சிவப்பு என்று மூன்று குடும்பங்கள். வெள்ளை பந்தைத் தாழ்வாக அனுப்பும், சிவப்பு உயர்த்தும், நீலம் இடைநிலை.

எஃகுத் தண்டும் ஒதுங்கிவிடவில்லை. வல்லுநர்கள் பழகிய அமெரிக்க டைனமிக் கோல்டு தண்டு ஏறத்தாழ 130 கிராம். நிப்பான் ஷாஃப்ட் 1999இல் வெளியிட்ட என்.எஸ். புரோ 950ஜிஎச் 100 கிராமுக்கும் குறைவு. உடல்வலு குறைந்தவர்களும் எஃகின் சீரான தன்மையை விடாமல் ஆட முடிந்ததால், அது ஜப்பானில் பலரின் கைக்குப் போனது. அதே நிறுவனத்தின் மோடஸ்3 வரிசையில் வரும் டூர் 120 தண்டு 114 கிராம் அளவில், இரண்டுக்கும் நடுவே நின்று திறமையாளர்களுக்குப் பொருந்தியது.

இந்தப் பின்னணியில் புதிய மட்டைகளை ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை தெளிவாகின்றன. தலையில் முதலில் பார்க்க வேண்டியது முகத்தின் சாய்வுக் கோணம். மரபான ஏழாம் எண் அயர்னில் அது 34 பாகையை ஒட்டியிருக்கும். தூரத்தைக் காட்டி விற்கும் மட்டைகளில் 30க்கும் கீழே இறங்குகிறது. அப்படிப்பட்ட இரண்டை ஒரே எண் என்பதற்காக ஒப்பிட்டு, ஒன்று பத்து கெஜம் கூடுதலாக அடிக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. அடுத்தது அடிப்பாகத்தின் அகலமும் வளைவும். ஈரமான மென்மண்ணில் ஆடுபவருக்கும் கெட்டித் தரையில் ஆடுபவருக்கும் ஒரே வடிவம் உதவாது. தண்டில் விறைப்பைக் குறிக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளை நம்பக்கூடாது. அவற்றுக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் எஸ், இன்னொன்றின் ஆர் ஆகலாம். ஜப்பானியப் பட்டறைகள் தண்டை ஒரு முனையில் பிடித்து அதிரவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணி விறைப்பை ஒப்பிடுகின்றன. வளைவு பிடிப்பக்கம் நிகழ்கிறதா, நடுவிலா, நுனியிலா என்பதையும் தனியே வகுக்கின்றன. தலையை ஓரிடத்திலும் தண்டை வேறிடத்திலும் வாங்கி, ஆளுக்கேற்பப் பொருத்தித் தரும் சிறு பட்டறைகள் ஜப்பானெங்கும் உள்ளன. தேர்ந்த ஆட்டக்காரருக்குத் தலையின் பிராண்டைவிட அந்தப் பொருத்தமே பெரிது.

2021 ஏப்ரலில் மாட்சுயாமா ஹிதெகி மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற முதல் ஜப்பானியரானார். அவர் அயர்ன்கள் ஸ்ரிக்சன் பிராண்டின் ஃபோர்ஜிங் தலைகள். டிரைவரின் தண்டு சிச்சிபுவின் கிராஃபைட் டிசைன் செய்த டூர் ஏடி டிஐ. அயர்ன்களின் தண்டு மட்டும் அமெரிக்க டைனமிக் கோல்டு.