ஆண்டுக் குறிப்பும் நூற்றாண்டு மயக்கமும்: புத்தளக் கரையோரம் சார்ந்த ஒரு நோக்கு

ஆண்டைச் சுருக்கிக் குறித்தல் பழைய வழக்கு. சுருக்கியோர்க்குத் தெளிவாயிருந்தது பின்வந்தோர்க்கு மயக்கமாதலும் பழையதே. புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்தை அடுத்த முன்னேசுவரக் கோயிலில் ஆறாம் பராக்கிரமபாகு காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. அக்காலச் சாசனங்கள் பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டே காலங் குறித்தன. அம்மன்னன் முடிசூடியது 1412இல் என்பாரும் 1415இல் என்பாரும் உளர். தொடக்கம் மாறின் ஆட்சியாண்டு சுட்டும் காலமும் மாறும். அறுபதாண்டு வட்டத்திலும் இக்குறையுண்டு. விக்கிரம ஆண்டு 1940இலும் 2000இலும் பிறந்தது. பெயரொன்றே கொண்டு பாட்டனையும் பேரனையும் பிரித்தறிய இயலாது. சக ஆண்டையும் உடன் பொறித்த சாசனங்கள் இம்மயக்கத்தைத் தவிர்த்தன.

கணனியாளரும் இவ்வழுவிற்கு ஆளாயினர். 80 நிரல்களே கொண்ட துளையட்டையில் இடம் மிச்சப்படுத்த, 1965ஐ 65 என எழுதினர். 2000ஆம் ஆண்டு 00 எனப் பதியப்படின், 1965இல் பிறந்தவரின் வயது 35 ஆகாது. சுழியத்துக்குக் கீழ் 65 ஆகும். எனவே 1999 முடியுமுன் உலகெங்கும் நிரல்கள் திருத்தப்பட்டன.

இலங்கையில் இச்சிக்கலின் ஒரு வடிவம் 2016 வரை நீடித்தமை நோக்கத்தக்கது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதன் ஒன்பது இலக்கங்களில் முதலிரண்டு பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று ஆண்டினுள் பிறந்த நாளையும் குறித்தன. பெண்களுக்கு நாளுடன் 500 கூட்டப்பட்டது. தொடரெண்ணும் சரிபார்ப்பு இலக்கமும் அடுத்து வந்தன. ஈற்றில் நின்ற ‘வீ’, ‘எக்ஸ்’ என்னும் எழுத்துகள் வாக்களிக்கும் தகுதியைச் சுட்டின. இம்முறையில் 1905இல் பிறந்தவரும் 2005இல் பிறந்தவரும் 05 என்றே தொடங்குவர். நாளும் தொடரெண்ணும் ஒத்திருப்பின் இருவர்க்கும் ஒரே எண் அமையும். 2000இல் பிறந்தோர் அட்டை பெறும் பதினாறாம் வயதை எய்தத் தொடங்கிய 2016 சனவரி முதல் பன்னிரண்டு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு நான்கு இலக்கங்களாயிற்று, ஈற்றெழுத்து நீங்கிற்று. பழைய எண்களும் செல்லுபடியாதலால், அலுவலகக் கணனிகள் இருவகையையும் ஏற்குமாறு திருத்தப்பட வேண்டியதாயிற்று.

இது வெறும் தொழினுட்பச் செய்தியன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் கற்பிட்டி உள்ளிட்ட இக்கரையோரத்திலேயே தஞ்சம் புகுந்தனர். வீடும் காணியும் விட்டுவந்தவர்க்கு, தாம் இன்னார் என நிறுவத் துணையாய் எஞ்சியவை ஆவணங்களே. காணியுறுதியும் வாக்காளர் இடாப்பும் நிவாரணப் பட்டியலும் ஒருவரையே குறிப்பன எனக் காட்ட அடையாள எண் வேண்டும். அவ்வெண் இருவரைச் சுட்டுமாயின், இழப்பு ஏதிலியையே முதலிற் சாரும்.

கல்லிற் பொறித்த ஆண்டின் மயக்கத்தை ஆய்வாளர் ஆறுதலாக ஆராயலாம். உயிருள்ள மனிதரின் ஆண்டு மயங்கினால், அவர்தம் உரிமை அதுவரை காத்திராது.