வினைமுற்றில் எழுவாய்: தகடூர் நாட்டில் சந்தித்த இரண்டு இலக்கணங்கள்

எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றும் வழக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிது, அதனால்தான் ‘ஹீ கோஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஹீ கோ’ என்று எழுதுகிறார்கள் என்னும் விளக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. தருமபுரி (பழைய தகடூர்) மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. இரு மொழிகளின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. எழுவாய்-பயனிலை இயைபில் ஆங்கிலம் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்த மொழி. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவதோ இயைபைப் பெருமளவு காத்துவைத்திருக்கும் மொழி.

சான்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. செங்கம், அரூர், தருமபுரிப் பகுதிகளில் பல்லவர் கால நடுகற்கள் நிறையக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றை இரா. நாகசாமியின் பொறுப்பில் ‘செங்கம் நடுகற்கள்’ (1972), ‘தருமபுரி கல்வெட்டுகள்’ (1975) ஆகிய நூல்களாக வெளியிட்டது. மகேந்திரவர்மன் காலத்தவை உட்பட இக்கற்களில் பல வட்டெழுத்தில் அமைந்தவை. அரசனின் ஆட்சியாண்டு, தொறு (மாட்டு மந்தை) கவர்ந்த அல்லது மீட்ட பூசல், இறந்த வீரனின் பெயர் என்று வரிசையாகச் சொல்லி, ‘பட்டான் கல்’ என்று முடிப்பது இவற்றின் பொது வாய்பாடு. இங்கே ‘பட்டான்’ இறந்தவன் என்னும் பொருளில் வினையாலணையும் பெயராக நிற்கிறது. அதே வடிவம் வினைமுற்றாகவும் வரும். திணை, பால், எண், இடம் நான்கையும் ‘ஆன்’ விகுதி தாங்குவதால்தான் வினை தனித்தே ஒரு மனிதனைக் குறிக்க முடிகிறது. சுமார் 1400 ஆண்டுகள் கழித்து ‘விழுந்தான்’, ‘வந்தான்’ என்று சொல்லும் அரூர்ப் பிள்ளையின் வாயில் இருப்பதும் அதே விகுதிதான்.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்த இயைபிலிருந்து. முதல் இயலான கிளவியாக்கம் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, திணையும் பாலும் வினையோடு மயங்காமல் வர வேண்டும் என்கிறது. அஃறிணைப் பெயர்கள் பற்றித் தொல்காப்பியம் சொல்வது ஆங்கில ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ‘ஆ’ என்ற பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. ‘ஆ வந்தது’, ‘ஆ வந்தன’ என்று வினைதான் எண்ணைக் காட்டும். ஆங்கிலத்தின் ‘ஷீப்’ நிகழ்காலத்தில் நடந்துகொள்வதும் இப்படியே.

தமிழும் எதையும் இழக்காமல் இல்லை. பேச்சில் ‘மாடுங்க வந்துச்சு’ என்கிறோம், ‘வந்தன’ எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ‘உண்டு’ முதலில் அஃறிணை ஒருமைக்கு உரிய வினை. 13ஆம் நூற்றாண்டில் கங்கர் வழிவந்த சீயகங்கன் ஆதரவில் பவணந்தி செய்த நன்னூலோ ‘வேறு’, ‘இல்லை’ ஆகியவற்றோடு அதையும் சேர்த்து, ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக்கிவிட்டது. இலக்கணம் வழக்கைப் பின்தொடர்ந்ததற்கு இது நல்ல சான்று. இப்பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் வினைவிகுதி ஒன்றே. ஆக, இயைபில் இரண்டு ஒழுங்குகளை ஒரே நாளில் கையாளும் பிள்ளைகளும் இங்கே உண்டு.

இனி ஆங்கிலம். பழைய ஆங்கிலத்தில் பாடுதலைச் சொல்லும் வினை தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளுக்குத் தனித்தனி ஈறும், பன்மைக்கு வேறோர் ஈறும் பெற்றது. படர்க்கை ஒருமைக்கு உரிய ஈறு ‘எத்’. இன்று நாம் கற்பிக்கும் ‘ஸ்’ இங்கிலாந்தின் வடபகுதி வழக்கு. 10ஆம் நூற்றாண்டில் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டின் வரிகளுக்கிடையே எழுதப்பட்ட நார்தம்பிரிய உரையில் அதைக் காணலாம். 14ஆம் நூற்றாண்டில் சாஸர் தம் கதையொன்றில் வடக்கிலிருந்து வந்த இரு மாணவர்களை ‘ஸ்’ ஈற்றோடு பேசவைத்தார். அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று லண்டன் வாசகருக்குக் காட்ட அது போதுமானதாக இருந்தது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் கலந்து வருகின்றன. 1611இல் வந்த விவிலிய மொழிபெயர்ப்பு ‘எத்’தையே பிடித்துக்கொண்டது, ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வட்டார வழக்கு பொது வழக்காகிவிட்டது. மற்ற ஈறுகள் தேய்ந்து போயின. முன்னிலை ஒருமையான ‘தவ்’ வழக்கொழிந்தபோது அதற்குரிய ஈறும் சேர்ந்து போயிற்று.

எஞ்சிய இயைபை இலக்கண நூலார் சட்டமாக்கினர். ராபர்ட் லோத் 1762இல் ‘யூ வாஸ்’ என்று எழுதுவதைக் கண்டித்தார். அப்போது படித்தவர்களும் அப்படி எழுதிவந்தார்கள். லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் 1795இல் யார்க் நகரில் வெளியானது. அதற்கு முன்பே, 1792இல், தருமபுரிப் பகுதி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்திருந்தது. யார்க்கில் அந்த நூல் அச்சான ஆண்டில் கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ இங்கே நிலவரி வேலையில் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றிய பிறகு ஆங்கில இலக்கணம் தேர்வுப் பாடமாக இறுகியது. நெஸ்ஃபீல்டின் நூல்களும், 1930களில் ரென்-மார்ட்டின் நூலும் அந்த வழியில் வந்தவை. நம் வகுப்பறைக்கு வந்தது முடிந்துபோன விதிதான், அது உருவான கதை உடன் வரவில்லை. இதை ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

பிள்ளை இடறும் இடங்களை அந்தக் கதைதான் விளக்கும். தமிழில் விகுதி தகவல் தருகிறது, எழுவாயைச் சொல்லாமலே ‘வந்தேன்’ என்றால் போதும். ஆங்கிலத்தில் எழுவாயை விட முடியாது, ஆகவே ‘ஸ்’ பெரும்பாலும் புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை. போதாக்குறைக்குப் பெயரில் பன்மையைக் குறிப்பதும் அதே ஒலி. ‘பாய்ஸ் கோ’, ‘பாய் கோஸ்’ என்ற இணையில் பன்மையைத் தேடும் காது தவறான பக்கம் திரும்புவது இயல்பு. ‘டஸ் ஹீ கோஸ்’ என்று எழுதுபவர் இயைபு தெரியாதவர் அல்லர், அதை இரண்டு இடத்தில் காட்டிவிட்டவர். வினாவில் ‘டூ’ துணைவினையாக நிலைபெற்றபோது ஈறு அதற்கு இடம் மாறிவிட்டது என்று சொன்னால் அவருக்குப் புரியும். தமிழில் ‘வரவில்லை’ என்னும்போது முதல்வினை விகுதி ஏற்பதில்லை என்பது அவர் நாள்தோறும் பேசுவதுதானே.

‘ஹீ கேன்’ என்பதில் ஏன் ‘ஸ்’ இல்லை என்ற கேள்விக்கும் பாடநூல் விதிவிலக்கு என்ற பதிலையே தருகிறது. ‘கேன்’, ‘மே’, ‘ஷல்’ ஆகியவை மிகப் பழங்காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து நிகழ்காலப் பொருள் பெற்ற வினைகள். இறந்தகாலத்தில் படர்க்கை ஒருமைக்கு அந்த ஈறு இல்லை, பொருள் மாறிய பின்னும் வடிவம் அப்படியே நின்றது. ‘அது வரும்’, ‘அவை வரும்’ என்று ஒரே முற்றை இரண்டுக்கும் வழங்கும் மாணவரிடம் இதைச் சொல்ல ஒரு பாடவேளைகூடத் தேவைப்படாது.