செட்டிநாட்டு வீடுகளில் 3+1 கேபிள்: ஒரு மறுவாசிப்பு

ஃப்ரெட்ரிக் நில்சன் 2008இல் வெளியிட்ட ‘இன்டெலிஜென்ட் நெட்வொர்க் வீடியோ’ என்ற நூல் கண்காணிப்புக் கேமராவின் வளர்ச்சியைப் படிப்படியாக அடுக்குகிறது: நாடாவில் பதியும் விசிஆர், அடுத்து டிவிஆர், அடுத்து அனலாக் படத்தை நெட்வொர்க்குக்குத் தோதாக மாற்றும் என்கோடர், கடைசியில் நெட்வொர்க் கேமரா. 1996இல் முதல் நெட்வொர்க் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆக்சிஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். வரிசை அந்த நிறுவனத்தின் சரக்கிலேயே போய் முடிவதை நான் பெரிதுபடுத்தவில்லை. என் மறுப்பு வேறு. படிகள் அனைத்தும் கேபிளின் இரு முனைகளில் உள்ள கருவிகளின் பெயராலேயே அமைந்திருக்கின்றன. நடுவே ஓடும் கோஆக்சியல் கேபிளைப் பழைய கேமராவின் வாலாகவே இந்த வரிசை நடத்துகிறது. என்கோடர் படிவரை அது கேமராவின் தயவில் பிழைத்திருக்கிறது. கேமரா மாறியதும் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பெரிய வீடுகளை வைத்துப் பார்த்தால் இந்த வாசிப்பைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. அங்கே கேமரா போகலாம், கேபிள் போகாது. எந்தக் கேமரா வரலாம் என்பதையே கேபிள்தான் முடிவுசெய்கிறது.

காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் மறுதெருவில். இடையே வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. சுவர் ஏறி மூலை திரும்பி ஓடும் கேபிளுக்கு 100 மீட்டர் என்பது எட்டாத தூரமன்று. ஈதர்நெட்டின் முறுக்குக் கம்பிக்கு அதுவே வரம்பு. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுப் பழையபடி பூசுவது எளிதல்ல. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டில் ஒரு துளை போடுவதும் தனியொருவர் முடிவாகாது. ஆகவே ஒருமுறை உள்ளே போன கேபிளுக்கு, வீட்டின் தூண்களுக்குள்ள உரிமையில் கொஞ்சம் வந்துவிடுகிறது.

அந்தக் கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் ‘3+1’ என்ற குறியைக் கல்வெட்டுப்போல நிதானமாகப் படிக்க வேண்டும். ‘1’ என்பது படம் செல்லும் 75 ஓம் கோஆக்சியல். ‘3’ என்பது உடன் செல்லும் மெல்லிய இழைகள்: இரண்டு 12 வோல்ட் மின்சாரத்துக்கு, மூன்றாவது ஒலிக்கு அல்லது உபரியாக. இந்தப் பங்கீடு அனலாக் காலத்துக்கு உரியது. 6 வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் வேண்டும். இழை 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு, தூரம் 60 மீட்டர் என்று வைத்தால், போக வரச் சேர்த்து மின்தடை 10 ஓமுக்குச் சற்று மேல். 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 1.3 வோல்ட்தான். கோஆக்சியலின் இரு முனையிலும், ஈதர்நெட்டை அதற்கு ஏற்றபடி மாற்றும் கன்வர்ட்டர் வைத்து, தரவையும் மின்சாரத்தையும் அதன் வழியாகவே அனுப்பும்போது குறியின் பொருளே புரண்டுவிடுகிறது: ‘1’ எல்லாச் சுமையையும் ஏற்கிறது, ‘3’ சும்மா கிடக்கிறது.

இங்கே என் வாதத்தின் மெலிந்த இடமும் இருக்கிறது. உறையில் ‘ஆர்ஜி 59’ என்ற கோஆக்சியல் வகைப்பெயர் இருந்தால் அது உள்கம்பியின் உலோகத்துக்குச் சான்றாகாது. செம்பு பூசிய எஃகை உடனே போலி என்பவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்க ராணுவத்தின் பழைய ஆர்ஜி 59 வரையறையிலேயே உள்கம்பி செம்பு பூசிய எஃகுதான். உயர் அதிர்வெண் கம்பியின் தோலில் மட்டும் ஓடுவதால், தரவுக்கு அது போதும். மின்சாரமோ கம்பி முழுவதையும் நிறைத்துப் போவது. எஃகின் தடை அதற்குத் தெரியும். காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டாலும் சுரண்டிப் பார்க்க வேண்டும், உள்ளே அலுமினியம் இருக்கலாம். எஃகுக் கம்பியில் தரவை மட்டும் கோஆக்சியலில் விட்டு, மின்சாரத்தை மறுபடி இழைகளிடம் ஒப்படைக்க நேரலாம். காலக்கணிப்பும் இப்படித்தான்: ஒரே வகைக் கேபிள் இரண்டு தலைமுறைக் கேமராக்களுக்கும் உழைத்திருப்பதால், உறையை மட்டும் வைத்து ஒரு வீட்டின் மாற்றத்துக்கு ஆண்டு குறிப்பது ஊகமே.

1973இல் ஈதர்நெட் பிறந்ததே கோஆக்சியலில்தான், ஆகவே இது தாய்வீடு திரும்புதல் என்று சொல்லத் தோன்றும். அந்த வம்சாவளி முழுதும் பொருந்தாது. சோதனைக் கால ஈதர்நெட் 75 ஓம் கேபிளில் ஓடியிருந்தாலும், பின்னர் தரமாக நிலைத்த ஈதர்நெட்டின் கோஆக்சியல் 50 ஓம். கேமராக் கேபிள் 75 ஓம், கேபிள் டிவியின் சாதி. டிவி வந்த கம்பியிலேயே இணையமும் வந்ததுதான் இதற்கு நெருங்கிய முன்னுதாரணம்.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று. டஹுவா நிறுவனம் 2012இல் கொண்டுவந்த எச்டிசிவிஐ முதலான உயர்தெளிவு அனலாக் முறைகள் கன்வர்ட்டரே இல்லாமல் பழைய கேபிளில் தெளிவான படம் தருகின்றன. அப்படியிருக்க நெட்வொர்க் எதற்கு? 2008இல் எழுதிய நில்சன் இதைக் காணாததைக் குறையாகச் சொல்வது நியாயமன்று. எனினும் அனலாக் தானே புத்துயிர் பெற்றது அவர் வரிசையைக் குலைத்து, கேபிளே நிலைப்பொருள் என்ற என் வாசிப்புக்குத்தான் துணைவருகிறது. இருக்கும் கேமராவைத் தெளிவாக்க மட்டுமே விரும்பும் வீட்டுக்கு அனலாக்கே போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முறையில் ஒரு கேமராவுக்கு ஒரு கேபிள் என்பதுதான் இயல்பான கணக்கு. பின்கட்டில் ஒரு கேமரா இருந்த இடத்தில் மூன்று வேண்டுமானால் புதுக் கேபிள் இழுக்க வேண்டும், சுவரைத் தொட வேண்டும். நெட்வொர்க் முறையில் கன்வர்ட்டருக்கு அப்பால் ஒரு சிறு சுவிட்ச் வைத்தால், மூன்றும் அந்த ஒரே பழைய கேபிளில் வந்துசேரும்.