நாற்பது நாள் வாக்கு

சாம்பல் புதன் நெருங்கும்போது தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் இரண்டு சொற்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று ஒருசந்தி, மற்றது சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் அன்றைக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி கிடையாது. ஞானோபதேச வகுப்பில் இந்த இரண்டையும் படித்த பிள்ளைகள், குடியைப் பற்றி மூன்றாவதாக ஒரு கட்டளையைப் படித்ததில்லை. உரோமைத் திருச்சபையின் தவக்காலச் சட்டம் இறைச்சியைத் தடுத்தது. மதுவைத் தடுக்கவில்லை. இருந்தும் இன்று தவக்காலம் என்றதும் குடிக்கிறவரின் வீட்டில் தாயும் மனைவியும் முதலில் எதிர்பார்ப்பது, இந்த நாற்பது நாளாவது அவர் அதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான். சட்டத்தில் இல்லாத இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

மேற்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நிலைமை நேர் எதிராகவே இருந்தது. முட்டை, பால், இறைச்சி எல்லாவற்றையும் விட்டு, நாளுக்கு ஒரே வேளை சாப்பிட்ட துறவிகளைத் தாங்கிப் பிடித்தது பீர். தானியத்தில் செய்தது, கெட்டியானது, பசி தாங்கும். நீராகாரம் நோன்பைக் கெடுக்காது என்பது அவர்கள் கணக்கு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 17ஆம் நூற்றாண்டில் மினிம் சபைத் துறவிகள் காய்ச்சிய பீர்தான் இன்றைய பவுலானர் நிறுவனத்தின் தொடக்கம். அந்தச் சபையார் ஆண்டு முழுவதும் தவக்கால உணவையே உண்டவர்கள். அவர்களை நிறுவிய புனித பிரான்சிஸ் பவுலாவின் திருநாள் ஏப்ரல் 2. அந்த நாளை ஒட்டி அவர்கள் காய்ச்சிய அடர்த்தியான பீர் 'சால்வாட்டர்' என்ற பெயரில் இன்றும் வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாசும் பானம் நோன்பை முறிக்காது என்றுதான் எழுதினார். அளவு மீறிக் குடித்தால் அது பாவம், நோன்பின் பலனும் போய்விடும் என்று கூடவே சேர்த்தார்.

கிழக்கே வழக்கம் வேறு. கிரேக்க, ரஷ்ய மரபுவழித் திருச்சபைகளின் நோன்பு முறையில் தவக்காலத்தின் வார நாட்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் விலக்கு. சனி, ஞாயிறுகளிலும் மார்ச் 25 போன்ற சில திருநாட்களிலும் மட்டும் அனுமதி. நமக்குப் பக்கத்தில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் 'அம்பது நோம்பு' இந்தக் கிழக்கு மரபின் உறவு. மீன், இறைச்சியோடு சாராயமும் அந்த வீடுகளில் நிற்கும்.

அப்படியானால் மேற்கில் யாருமே விடவில்லையா? விட்டார்கள். யாரும் சொல்லாமலே விட்டார்கள். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன், ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் தம் தவக்கால மறையுரைகளில் சிலரைக் கடிந்துகொள்கிறார். திராட்சை மதுவை விட்டேன் என்று பெயர் பண்ணிவிட்டு, வேறு பழங்களைப் பிழிந்து அதைவிட ருசியான பானம் தேடுகிறவர்கள் அவர்கள். கடிந்துகொள்ளும் அளவுக்கு அந்த வழக்கம் அப்போதே ஊரில் இருந்திருக்கிறது.

அதற்கு ஓர் எழுத்து வடிவம் கொடுத்தவர் இத்தாலியின் புனித பெனடிக்ட். 6ஆம் நூற்றாண்டில் தம் மடத்துக்கு அவர் எழுதிய ஒழுங்கு நூலில் 40ஆவது அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. ஒரு துறவிக்கு ஒரு நாளைக்கு ஒரு 'ஹெமினா' மது. நம் கணக்கில் கால் லிட்டருக்குச் சற்றுக் கூட இருக்கும். துறவிகள் மதுவைத் தொடாமலிருப்பதே சிறப்பு, ஆனால் இந்தக் காலத்தில் அவர்களை அப்படி நம்பவைக்க முடியவில்லையே என்று ஒரு தகப்பனின் பெருமூச்சோடு அவர் அதை அனுமதிக்கிறார். ஒன்பது அதிகாரம் தள்ளி, 49இல், தவக்காலம் வருகிறது. வழக்கமான அளவுக்கு மேல் ஒவ்வொருவரும் தன் சொந்த விருப்பத்தில், மகிழ்ச்சியோடு, கடவுளுக்கு ஏதாவது கொடுக்கட்டும் என்கிறார். எதைக் குறைக்கலாம் என்றும் சொல்கிறார்: உணவு, பானம், தூக்கம், வளவளப்பு, வேடிக்கைப் பேச்சு. அந்தக் கால் லிட்டரும் இந்த வரிசையில் இருக்கிறது.

இதற்கு அடுத்து அவர் வைக்கும் நிபந்தனையை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். எதை விடப்போகிறாய் என்பதை மடத்துத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஆசியோடும் ஜெபத்தோடும் செய்ய வேண்டும். சொல்லாமல் செய்வது தற்பெருமையில் போய் முடியும். கட்டாயம் இல்லை, ஆனால் தனியாகவும் இல்லை. இன்னொரு மனிதரின் காதில் போட்டுவிட்டுத் தொடங்குவது. தவக்காலத்தில் குடியை விடும் வழக்கம் பிறந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுவேன். பின்னால் வந்து நிலைத்தவர்கள் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த இரண்டு கால்களில்தான் நின்றார்கள்.

அது மடத்துச் சுவருக்குள் நடந்தது. சாதாரணக் கூலிக்காரரின் வாழ்க்கைக்குள் வந்துசேர இன்னும் ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஆயிற்று. வந்த இடம் அயர்லாந்து.

தியோபால்டு மேத்யூ கப்புச்சின் சபைக் குரு. கார்க் நகரத்து ஏழைகளோடு வாழ்ந்தவர். மதுவிலக்கு இயக்கத்தை அங்கே நடத்திவந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். அவர்களில் வில்லியம் மார்ட்டின் என்ற குவேக்கர் இவரை விடாமல் வற்புறுத்தினார். கடைசியில் 1838 ஏப்ரல் 10 அன்று மேத்யூ முழு மதுவிலக்குச் சங்கத்தின் ஏட்டில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 15. அவர் கையெழுத்துப் போட்டது புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமையில், தவக்காலம் முடியப்போகும் நேரத்தில்.

அடுத்து நடந்தது பெரும் வெள்ளம். ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் மண்டியிட்டு அவர் சொல்லச் சொல்ல உறுதிமொழி எடுத்தார்கள். பதக்கம் வாங்கிக் கழுத்தில் போட்டார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை லட்சங்களில் போயிற்று. ஆனால் அது வாழ்நாள் முழுமைக்குமான வாக்கு. கூட்டத்தின் வேகத்தில் எடுத்த வாக்கு. 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். 1856இல் மேத்யூ கண்மூடியபோது இயக்கமும் பெரும்பாலும் கரைந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெனடிக்ட் கேட்ட இரண்டில் ஒன்று அங்கே விட்டுப்போயிற்று. ஆயிரம் பேரோடு மண்டியிட்டவர் மறுநாள் யாருக்குப் பதில் சொல்வார்?

அதைச் சரிசெய்தவர் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன். 1898 டிசம்பர் 28 அன்று டப்ளின் கார்டினர் தெருவில் உள்ள பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் நான்கு பெண்களோடு 'பயனியர்' சங்கத்தைத் தொடங்கினார். நான்கே பேர். அவர்கள் குடிகாரர்கள் அல்ல என்பதுதான் இதில் முக்கியம். குடியில் விழுந்தவர்களுக்காக, தங்கள் பங்கு மதுவைக் கடவுளுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். தான் விடுவது இன்னொருவருக்காக என்ற எண்ணம் இதற்கு அடித்தளமாயிற்று. அவர்கள் உடுப்பில் குத்திக்கொண்ட இயேசுவின் திரு இருதயச் சின்னம் அயர்லாந்து முழுவதும் தெரிந்த அடையாளமாயிற்று. நம் ஊரில் மாலை போட்டவரை யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை அல்லவா, அப்படித்தான் அதுவும். சட்டையில் அந்தச் சின்னம் இருந்தால் யாரும் கிளாஸை நீட்ட மாட்டார்கள். 1949இல் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் சங்கத்தின் பொன்விழாவுக்குப் பல்லாயிரம் பேர் கூடினார்கள்.

முழு உறுப்பினராக வாழ்நாள் வாக்குக் கொடுக்கத் துணியாதவர்களுக்குக் குறுகிய கால வாக்கும் இருந்தது. தவக்காலம் அதற்கென்றே அளந்து வைத்தது போன்ற காலம். தொடக்கம் தெரியும், முடிவும் தெரியும். ஊரே ஏதோ ஒன்றை விட்டிருக்கும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் நாற்பது. ஞாயிறு நோன்பு நாள் அல்ல என்பதால் அன்று ஒரு கிளாஸ் எடுக்கலாமா என்ற விவாதம் அயர்லாந்தில் உண்டு. புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17 எந்த ஆண்டானாலும் தவக்காலத்துக்குள்தான் விழும் என்பதால், அன்றைக்கு மட்டும் விலக்கு என்று சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், குடி ஒருவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை அந்த ஆறு ஞாயிறும் ஒரு திருநாளும் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கைச் சுற்றியே மனம் போகிறதென்றால் கவனிக்க வேண்டும். அரசும் கொஞ்சம் துணை நின்றது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய வெள்ளியன்று மதுக்கடைகளை மூடவைத்தது. 2018இல்தான் அந்தத் தடை நீங்கியது.

1966 பிப்ரவரியில் ஆறாம் பவுல் திருத்தந்தை நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். கட்டாய நோன்பு சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் சுருங்கியது. மற்ற தவ முயற்சிகளை வகுக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டு ஆயர்களிடம் போயிற்று. அயர்லாந்து ஆயர்கள் வெள்ளிக்கிழமை ஒறுத்தலுக்குச் சொன்னவற்றில் இறைச்சியை விடுவதோடு மதுவை விடுவதும் புகையை விடுவதும் இடம்பெற்றன. சட்டம் பின்வாங்கிய இடத்தில் பெனடிக்டின் பழைய கேள்வி மறுபடி முன்னால் வந்து நின்றது. நீ எதைக் கொடுக்கப்போகிறாய்?

நடுவில் ஒருவரை வேண்டுமென்றே விட்டுவந்தேன். அவரைக் கடைசியில் சொல்ல ஆசை.

மாட் டால்போட் 1856இல் டப்ளினில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஒரு மது வியாபாரியிடம் வேலைக்குப் போனார். குடியும் அங்கேயே பழகிற்று. கூலி முழுவதும் கடையில் போகும். ஒரு முறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைக்கும் ஒருவரின் பிடிலைக் கூட்டாளிகளோடு சேர்ந்து திருடி விற்றுக் குடித்தார். 1884இல், அவருக்கு இருபத்தெட்டு வயது. அந்த வாரம் வேலைக்குப் போகவில்லை, கையில் காசில்லை. சனிக்கிழமை கூலி வாங்கி வரும் கூட்டாளிகளுக்காகக் கடை முனையில் காத்து நின்றார். அவர் காசில் எத்தனையோ நாள் குடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார். குடியை விட வாக்குக் கொடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். காப்பாற்றுவதானால் மட்டும் கொடு என்றார் அம்மா. அன்றே கிளோன்லிஃப் குருமடத்துக்குப் போய் ஒரு குருவிடம் வாக்குக் கொடுத்தார், மூன்றே மாதத்துக்கு.

அந்த மூன்று மாதமும் அவருக்கு நரகம். மாலையில் வேலை விட்டதும் கால்கள் கடைப்பக்கம் இழுக்கும். அவர் ஏதாவது ஒரு கோவிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டார். (இன்று இப்படி விட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டு தினமும் நிறையக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் சாம்பல் புதனுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதனால் நோன்பின் புனிதம் ஒன்றும் குறையாது.)

மூன்று மாதம் முடிந்ததும் வாக்கைப் புதுப்பித்தார். பிறகு அதை வாழ்நாளுக்கே ஆக்கினார். பழைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார். பிடில்காரரைத் தேடித் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. பிடிலுக்கான பணத்தை அவருக்காகப் பூசை வைக்கக் கொடுத்தார். மற்றபடி கட்டட வேலை, மரக்கிடங்கு வேலை, விடிகாலைப் பூசை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

1925 ஜூன் 7, திரித்துவ ஞாயிறு. பூசைக்குப் போகும் வழியில் கிரான்பி சந்தில் அவர் சரிந்து விழுந்தார். சுற்றி நின்றவர்களுக்கு அந்த முதியவர் யாரென்று தெரியவில்லை. மூன்று மாதத்துக்கென்று கொடுத்த வாக்குக்கு அன்று நாற்பது வயது தாண்டியிருந்தது.