மண்டையோட்டுக்குள் ஒரு வழி

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நான் சிறுவனாயிருந்தபோது, யாருக்கேனும் தலைக்குள் கட்டி என்றால் "இனி அல்லாஹ் விட்ட வழிதான்" என்பார் வாப்பா. அந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு.

1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்கள் அவர் முயற்சியால் வந்தன. மூளையின் பாகங்களைத் தமிழில் படிக்க முடிந்தது. உயிருள்ளவரின் மூளையைத் திறக்காமல் பார்க்க முடியவில்லை.

1895இல் வந்த எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது, கட்டியைக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்காவில் வோல்டர் டான்டி, மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அறை ஒதுங்கியிருந்தால் கட்டி எந்தப் பக்கம் என்று ஊகிக்கலாம். 1960களில் சென்னையில் டாக்டர் பா. இராமமூர்த்தியின் குழு, தலையில் சட்டகம் பூட்டி, எக்ஸ்ரே படத்தில் அளவெடுத்து, மூளையின் ஆழத்துக்கு ஊசி செலுத்தியது. 1971இல் லண்டனில்தான் சி.ரி. ஸ்கேன் முதல் நோயாளியின் கட்டியையே காட்டியது.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் அகதியாயிருந்த வாப்பாவுக்கே பின்னர் தலையில் கட்டி வந்தது. கொழும்பில் ஸ்கேன் பார்த்து இடங்குறித்து அகற்றினார்கள். பேச்சும் நடையும் தப்பின.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பா சொன்னார்: "அல்லாஹ் வழிய விட்டுத்தான் இருந்தான் மகன். நமக்குத்தான் கண்ணுக்குத் தெரியல்ல."